வெள்ளையடிச்ச மாடும் ரேடியம் ஒட்டின மாடும்

மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா சின்னசேலம். சேலத்துக்குப் பக்கத்துல இருக்குற குட்டி சேலமான்னு பெங்களூர்ல என்கிட்ட கேட்காத ஆள் இல்ல. இல்லீங்க சாமி, அது வேற, இது வேற. கள்ளக்குறிச்சி மாவட்டம், வடக்கே நிமிர்ந்து பார்த்தா கல்வராயன் மலை. போதுமா? :-)

எங்க வீட்டுல மாட்டுப் பொங்கல்னா ஒரு முறை இருக்கு. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி, பெயின்ட் அடிச்சு, கழுத்துல மாலை. இந்த வருஷம் பெயின்ட் காஞ்சதும் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். ரேடியம் ஸ்டிக்கர். லாரிக்குப் பின்னாடி ஒட்டுவாங்களே, அதே சிவப்பு வெள்ளைப் பட்டை. கொம்புக்கு ரெண்டு சுத்து சுத்தி ஒட்டிட்டு, தள்ளி நின்னு பார்த்தார். "ம்... நல்லாத்தான் இருக்கு" அப்படின்னார். எனக்குத்தான் சிரிப்பு வரல.

காரணம் இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்குங்க.

எங்க வீடு பைபாஸுக்கு இந்தப் பக்கம், காடு அந்தப் பக்கம். (எங்க ஊர்ல காடுன்னா மானாவாரி நிலம். மக்காச்சோளம், மரவள்ளி போடுற இடம். புலியெல்லாம் வராது.) போன கார்த்திகை மாசம், விடியறதுக்கு முன்னாடி, நல்ல பனி. அப்பா காரியை ஓட்டிக்கிட்டு ரோட்டைக் கடந்திருக்கார். காரி எங்க மாடு, பேருக்கேத்த மாதிரி அட்டக்கறுப்பு. சேலம் பக்கமிருந்து வந்த ஒரு கார் நேரா மாட்டு மேல மோதிடுச்சு. காரி அந்த இடத்துலயே போயிடுச்சு. கயித்தைப் புடிச்சிருந்த அப்பா ஓரமா போய் விழுந்து, முழங்கை பேந்துபோனதோட தப்பிச்சார். ஓட்டிக்கிட்டு வந்தது என் வயசுப் பையன். நெத்தியில ரத்தத்தோட ரோட்டோரம் உட்கார்ந்து "சத்தியமா கண்ணுக்கே தெரியலீங்க, சத்தியமா தெரியலீங்க"ன்னு அழுதுக்கிட்டே இருந்தானாம்.

ஊரே அவனை அடிக்கக் கிளம்பினப்ப அப்பாதான் தடுத்திருக்கார். "மாடு கறுப்பு, நானும் கறுப்பு, ரோடும் கறுப்பு. அவன் மட்டும் என்ன பண்ணுவான்?"

இந்த ஒரு கேள்வி என்னை விடவே இல்ல. ஆபீஸ்ல ஆணி புடுங்குன நேரம் போக மீதி நேரமெல்லாம் கூகுளாண்டவர்கிட்ட உட்கார்ந்து, "இருட்டுல நடக்குறவன் அடுத்தவன் கண்ணுக்குத் தெரியறது எப்படி"ன்னு நோண்ட ஆரம்பிச்சேன். நோண்ட நோண்ட, இதுக்கு இவ்வளவு பெரிய கதை இருக்கான்னு ஆயிடுச்சு.

முதல்ல ஒரு விஷயம். விளக்குன்னாலே நாம பார்க்குறதுக்குத்தான்னு நினைக்கிறோம். நான் சின்னப் பையனா இருந்தப்ப தாத்தா கரும்பு ஏத்திக்கிட்டு கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்கு ராத்திரி வண்டி கட்டிக்கிட்டுப் போவார். வண்டிக்கு அடியில, அச்சுக்குப் பக்கத்துல ஒரு அரிக்கேன் விளக்கு தொங்கிக்கிட்டே போகும். "அடியில தொங்குனா உனக்கு எப்படி தாத்தா வழி தெரியும்?"னு கேட்டிருக்கேன். "வழி மாட்டுக்குத் தெரியும்டா. இது லாரிக்காரனுக்கு"ன்னார். அப்ப புரியல. நான் பார்க்குறதுக்கு ஒரு விளக்கு, என்னை அடுத்தவன் பார்க்குறதுக்கு ஒரு விளக்கு. ரெண்டும் வேற வேற. மாட்டுக் கழுத்துச் சலங்கையும் இந்த ரெண்டாவது கட்சிதான், அது காதுக்கு.

உடம்புல விளக்கை மாட்டிக்கிறது ஆரம்பிச்சது பாதுகாப்புக்காக இல்ல, பந்தாவுக்காக. 1882 நவம்பர்ல லண்டன் சவாய் தியேட்டர்ல 'அயோலாந்தி'ன்னு ஒரு இசை நாடகம். அதுல தேவதைகளா வந்த பெண்கள் தலையில குட்டி பல்பு மின்ன, உடைக்குள்ள பேட்டரியை ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஆடினாங்க. பல்பு ஜோசப் ஸ்வான் கம்பெனியோடது. சனம் வாயைப் பொளந்து பார்த்ததாம்.

நம்ம ஊர்ல அதுக்கு ஈடு சொல்லணும்னா கல்யாண ஊர்வலத்துல பெட்ரோமாக்ஸைத் தலையில தூக்கிக்கிட்டு வருவாங்களே, அவங்கதான். பெட்ரோமாக்ஸ்னதும் கவுண்டமணி, செந்தில் ஞாபகம் வந்தா நீங்க நம்ம ஆளு. ('வைதேகி காத்திருந்தாள்', 1984. அந்த மேன்டில் சமாச்சாரத்தை 1885லயே கண்டுபுடிச்சவர் ஆஸ்திரியாக்காரர் கார்ல் ஆவர். பெட்ரோமாக்ஸ் பிறந்தது ஜெர்மனியில.) பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்க. மாப்பிள்ளை தெரிவார், மேளம் தெரியும், மச்சான் தெரிவார். விளக்கைத் தூக்கினவங்க முகம் மட்டும் தெரியாது. ஊருக்கே வெளிச்சம் காட்டுறவங்க, நிழல்ல நின்னாங்க.

சரி, அப்பா ஒட்டுன ஸ்டிக்கருக்கு ஏன் ரேடியம்னு பேரு? அதுல ரேடியம் ஒரு துளிகூடக் கிடையாது. பேர் வந்த வழிதான் சோகம்.

1898ல கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபுடிச்சாங்க. 1902ல அமெரிக்காவுல வில்லியம் ஹாமர்ங்கிற இன்ஜினியர் ரேடியத்தைத் துத்தநாக சல்ஃபைடோட கலந்து, இருட்டுல தானே ஒளிர்ற பெயின்டைச் செஞ்சார். முதல் உலகப் போர்ல பதுங்குகுழியில கிடந்த சிப்பாய்க்கு இருட்டுல மணி தெரியணும், தீக்குச்சி கிழிச்சா எதிரி சுட்டுடுவான். அதனால ரேடியம் வாட்ச். நியூ ஜெர்சி மாநிலத்துல ஆரஞ்ச்ங்கிற ஊர்ல 1917லிருந்து இளம்பெண்கள் உட்கார்ந்து வாட்ச் டயலுக்குப் பெயின்ட் அடிச்சாங்க. எண்ணு மெல்லிசா வரணும்னு பிரஷ் நுனியை உதட்டுல வெச்சுக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தது கம்பெனி. ஒவ்வொரு தடவையும் துளித்துளியா ரேடியம் உள்ளே போச்சு. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப அவங்க தலைமுடி, துணியெல்லாம் மினுமினுன்னு இருக்கும். பல வருஷம் கழிச்சுத் தாடை எலும்பு உதிர ஆரம்பிச்சப்பதான் விஷயம் வெளியே வந்தது. கிரேஸ் ஃப்ரையர்ங்கிறவங்களோட சேர்த்து அஞ்சு பெண்கள் 1927ல வழக்குப் போட்டு, 1928ல சமரசம் ஆச்சு. ரேடியத்தோட அரை ஆயுள் 1600 வருஷம். அந்த எலும்புகள் இன்னைக்கும் மண்ணுக்குள்ள கதிர்வீசிக்கிட்டுதான் இருக்கும்.

வாட்ச்ல இருந்து ரேடியம் போய் அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. ஆனா ராத்திரியில பளிச்சுன்னு தெரியறது எதுவா இருந்தாலும் நம்ம வாயில ரேடியம்தான். ஸ்டிக்கர் கடைக்கே ரேடியம் கடைன்னு பேரு.

இப்ப அப்பா கேட்ட கேள்விக்கு வர்றேன். அதே கேள்வியை ஒரு நாடே கேட்க வேண்டி வந்தது. 1939 செப்டம்பர் 1, பிரிட்டன்ல இருட்டடிப்பு ஆரம்பம். ஜெர்மன் விமானத்துக்கு ஊர் தெரியக்கூடாதுன்னு தெருவிளக்கெல்லாம் அணைச்சாச்சு, கார் ஹெட்லைட்டை முக்கால்வாசி மூடியாச்சு. குண்டு விழறதுக்கு முன்னாடியே சனங்க ரோட்டுல செத்து விழ ஆரம்பிச்சாங்க. 1938ல அங்கே ரோடு விபத்துல செத்தவங்க 6,648 பேர். 1941ல 9,169. பிரிட்டன் வரலாற்றுலயே இதுதான் உச்சம். இன்னைக்கு இருக்குற கார்ல ஒரு சின்னப் பங்குகூட அன்னைக்கு அங்கே இல்லைங்கிறதை ஞாபகம் வெச்சுக்குங்க.

அரசாங்கம் என்ன சொன்னது? நடக்குறவங்க வெள்ளையா எதையாவது போட்டுக்கங்க, கையில வெள்ளைக் கைக்குட்டையோ செய்தித்தாளோ வெச்சுக்கங்க. ஆம்பளைங்க சட்டையை இன் பண்ணாம வெளியே தொங்கவிடுங்க. (நாம பொறந்ததுலேர்ந்து அப்படித்தானே!) கடையில ஒளிரும் பூ, ஒளிரும் பட்டன், நாய்க்கு வெள்ளைக் கோட்டு எல்லாம் வித்தாங்க. எசெக்ஸ் பக்கம் ஒரு விவசாயி தன் மாட்டு உடம்புல வெள்ளை வெள்ளையா பட்டை அடிச்சார். அந்த போட்டோ இன்னைக்கும் இணையத்துல இருக்கு. நியூ ஃபாரஸ்ட்ங்கிற காட்டுப் பகுதியில ரோட்டுல திரியற குட்டைக் குதிரைங்களுக்கும் அதே மாதிரி வெள்ளைப் பட்டை. அந்த மாட்டு போட்டோவைப் பார்த்ததும் எனக்கு எங்க காரிதான். ஒரு வாளி சுண்ணாம்பு போதுமா இருந்திருக்கும்போல.

ஆனா வெள்ளை எவ்வளவு தூரம் தாங்கும்? இங்கதான் கொஞ்சம் கணக்கு. ஈ.சி.இ. படிச்சதுக்கு இதுக்காவது உபயோகப்படட்டும்.

80 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். டிரைவர் பார்த்து, புரிஞ்சு, பிரேக்ல கால் வைக்க ஒன்றரை விநாடின்னு வெச்சுக்குங்க, அதுக்குள்ள 33 மீட்டர் போச்சு. பிரேக் புடிச்சு நிக்க இன்னொரு 36. மொத்தம் 70 மீட்டர். 100ல வந்தா கிட்டத்தட்ட 100 மீட்டர். டிம் லைட்ல, ரிஃப்ளெக்டர் இல்லாத ஆள் சுமார் 50 மீட்டர்லதான் கண்ணுக்குத் தெரிவார்னு ஃபின்லாந்து சாலைப் பாதுகாப்புக்காரங்க சொல்றாங்க. ரிஃப்ளெக்டர் இருந்தா 150. இப்ப 50, 70, 150 மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அந்தப் பையன் காரியைப் பார்த்த விநாடியிலேயே கணக்கு முடிஞ்சுபோச்சு. சத்தியமா தெரியலீங்கன்னு அவன் சொன்னது சத்தியம்தான்.

அந்த 150 மீட்டர் எங்கேர்ந்து வருது? பூனைக் கண்ணுலேர்ந்து. பூனை, மாடு, நாய்க்கெல்லாம் விழித்திரைக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். மனுஷனுக்கு அது கிடையாது. மாட்டுக்கும் அது நம்மளைப் பார்த்து நின்னாத்தான் உதவும், பக்கவாட்டுல நடக்குறப்ப பிரயோஜனம் இல்ல. இங்கிலாந்துல பெர்சி ஷாங்கிறவர் 1934ல ரோட்டுல பதிக்கிற கண்ணாடிக் கண்ணுக்குக் காப்புரிமை வாங்கினார். இருட்டடிப்பு வந்ததும் அதுக்கு ஏக கிராக்கி. அதே 1930களோட கடைசியில அமெரிக்காவுல 3எம் கம்பெனி மாவு மாதிரி பொடிக் கண்ணாடி மணிகளை ஷீட்ல ஒட்டி, ரோட்டுப் பலகைக்காக ஸ்காட்ச்லைட்னு கொண்டுவந்தது. அப்பா கொம்புல சுத்துனது இந்த வம்சம்தான். அதுக்குன்னு சொந்த வெளிச்சம் கிடையாது. உன் வெளிச்சத்தை உனக்கே திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இதை முதன்முதல்ல மனுஷன் மேல தொங்கவிட்ட பெருமை ஃபின்லாந்துக்கு. அங்கே பெர்ட்டெலிங்கிற ஊர்ல ஆர்வி லெஹ்டின்னு ஒரு விவசாயி, தன் குதிரை வண்டியை யாரும் மோதிடக்கூடாதுன்னு பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் செஞ்சார். எங்க தாத்தாவோட அரிக்கேன் விளக்குக்கு இருந்த அதே கவலை பாருங்க! அப்புறம் அதே சாமான் சின்னதாகி, கயித்துல கட்டி கோட்டுப் பையிலிருந்து தொங்குற மாதிரி ஆச்சு. 1973ல கலெர்வோ சுவோமெலா அதைப் பனிச்செதில் மாதிரி வடிவமைச்சார், நாடு முழுக்கப் பரவிடுச்சு. 1982ல ஊருக்கு வெளியே இருட்டுல நடந்தா ரிஃப்ளெக்டர் வேணும்னு சட்டம், 2003லிருந்து எல்லா இடத்துக்கும். போடலைன்னா அபராதம் கிடையாது, ஆனாலும் போடுறாங்க. 2014ல அங்கே கலைமான் வளர்க்குறவங்க கொம்புக்கு ரிஃப்ளெக்டர் பெயின்ட் அடிச்சுப் பார்த்தாங்க. அதைப் படிச்சப்ப அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பார்த்தியா, அவனுக்கும் தோணியிருக்கு"ன்னார். :-)

ஒரு எச்சரிக்கை. ரோடு வேலைக்காரங்க போடுற பளீர் ஆரஞ்சுச் சட்டை வேற கதை. 1964ல கிளாஸ்கோ ரயில்வே ஆட்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தாங்க, அப்புறம் உலகம் முழுக்கப் பரவிச்சு. ஆனா அந்தப் பளீர் நிறம் சூரியனோட புற ஊதாக் கதிர்ல வேலை செய்யறது. ராத்திரி ஹெட்லைட்ல அது இல்ல. குறுக்கே சாம்பல் பட்டை இல்லாத வெறும் ஆரஞ்சுச் சட்டை ராத்திரிக்கு வெறும் சட்டைதான்.

ரிஃப்ளெக்டருக்கு அடுத்தவன் ஹெட்லைட் வேணும். லைட் இல்லாம வர்ற டூவீலருக்கு? அதுக்குத்தான் எல்.ஈ.டி. 1962ல நிக் ஹோலன்யாக் சிவப்பு எல்.ஈ.டி. செஞ்சார். நீலம்தான் ரொம்ப காலம் ஆட்டம் காட்டிச்சு. ஜப்பான்ல ஷூஜி நாகமுரா 1993ல பிரகாசமான நீலத்தைக் கொண்டுவந்தார். அதனால வெள்ளை வந்தது. 2014ல அகாசாகி, அமானோவோட சேர்த்து நோபல். இன்னைக்கு 3 வோல்ட் பட்டன் செல் ஒண்ணு போட்டா நாய்க் கழுத்துப் பட்டை பல ராத்திரி மினுக்கும். அயோலாந்தி தேவதைகள் முதுகுல சுமந்தது இப்ப எங்க வீட்டு மணி கழுத்துல. பல ஊர்கள்ல தன்னார்வலர்கள் தெருநாய்க்கு ரிஃப்ளெக்டர் பட்டை கட்டுறாங்க. தைப்பூசத்துக்குப் பழனிக்கு ராத்திரியில நடக்குறவங்களுக்குப் போலீஸே ஒளிரும் பட்டை ஒட்டி விடுது. நல்ல விஷயம்.

நான் ரெண்டு எல்.ஈ.டி. பட்டை வாங்கிட்டுப் போயிருந்தேன். ஒண்ணு மணிக்கு, ஒண்ணு அப்பா கைக்கு. மணி மாட்டிக்கிச்சு. அப்பா, "நான் என்ன ஆம்புலன்ஸா?"ன்னுட்டார்.

விடுவேனா? 1973ல ஸ்வீடன்ல குன்னார் ஜோஹான்சன்னு ஒரு உளவியல் பேராசிரியர் பண்ணின சோதனையைச் சொன்னேன். இருட்டுல ஒரு ஆளோட மூட்டுகள்ல மட்டும் புள்ளிப் புள்ளியா வெளிச்சம். ஆள் நின்னா ஒண்ணும் புரியாது. ஒரு எட்டு நடந்தா போதும், பார்க்குறவன் மூளை உடனே "மனுஷன்"னு கத்திடும். நெஞ்சுல ஒட்டுனா ஏதோ மைல்கல்லுன்னு நினைப்பான், கணுக்கால்ல கட்டுனா ஆள்னு தெரிஞ்சுக்குவான். அதனால காலுக்குத்தான் கட்டணும்னேன்.

"கொலுசு போட்டுக்கச் சொல்றியாடா?"

அம்மா அடக்க முடியாம சிரிச்சுட்டு, துணிப் பட்டையில ரிஃப்ளெக்டரைத் தைக்க உட்கார்ந்துட்டாங்க.

அப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் கேட்டார். "நான் கொலுசு போட்டுக்கிறேன். மாட்டுக்கும் ஒட்டிட்டேன். அவனைக் கொஞ்சம் மெதுவா வரச் சொல்ல மாட்டாங்களா?"

என்கிட்ட பதில் இல்ல. பிரிட்டன்லயும் இதேதான் நடந்தது. நடக்குறவனை முதல்ல வெள்ளை போடச் சொன்னாங்க. ராத்திரியில காருக்கு மணிக்கு 20 மைல்னு வேகக் கட்டுப்பாடு 1940 பிப்ரவரியிலதான் வந்தது. அதுக்குள்ள அஞ்சு மாசம், ஆயிரக்கணக்குல உயிர். நம்ம நாட்டுல 2022ல மட்டும் ரோட்டுல செத்த பாதசாரிகள் 32,825 பேர். மொத்த ரோடு சாவுல அஞ்சுல ஒண்ணு. தெரியறதுக்கான வேலையை நடக்குறவன் செய்யட்டும், சரி. பார்க்குறதுக்கான வேலையும் வண்டிக்காரனுக்கு இருக்கு. ரோட்டை ஊருக்கும் காட்டுக்கும் நடுவுல போட்டவங்களுக்கு, கடக்குற இடத்துல ஒரு விளக்குக் கம்பம் நட வேண்டிய வேலையும் இருக்கு. அந்தக் கம்பத்துக்கு மனு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன்.

அதுவரைக்கும்? ரேடியம் கடையில நல்ல பட்டையா கேட்டு வாங்குங்க. மொபைல் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சு அடிச்சுப் பாருங்க, பத்தடி தள்ளியும் பளிச்சுன்னு அடிச்சா நல்ல சரக்கு. அப்பா அம்மா காலுக்கு, சைக்கிள் பெடலுக்கு, மாட்டுக் கொம்புக்கு, நாய்க் கழுத்துக்கு. ஒரு பிரியாணிக் காசுகூட ஆகாது.

பெங்களூருக்குத் திரும்பறதுக்கு விடியக்காலை பஸ். பைபாஸ் திரும்புறப்ப டிரைவர் சட்டுனு வேகத்தைக் குறைச்சார். எட்டிப் பார்த்தேன். ரொம்ப தூரத்துல கீழே ரெண்டு புள்ளி, மேலும் கீழுமா மாறி மாறி நடந்து ரோட்டைக் கடந்துக்கிட்டு இருந்தது. பக்கத்துலயே ரெண்டு கொம்பு. அதுக்கும் முன்னாடி மணி, மினுக்கிக்கிட்டே.